விசிலுக்கு வராத வரிசை

ஒரு காட்டில் ஒரு ஏரி இருந்தது. ஏரி என்று இருந்தால் அதற்கு ஒரு பொறியாளர் இருப்பார். இந்த ஏரிக்கு யானை வேழமூர்த்தி. குளிக்கும்போதும் கழுத்து விசிலைக் கழற்ற மாட்டார்.

ஏரிக்கரைச் சேற்றில் வாத்துப்பூனைகள் குடியிருந்தன. தலைப்பக்கம் வாத்து, வால்பக்கம் பூனை. எப்படி என்று நான் விசாரிக்கவில்லை, நீங்களும் விட்டுவிடுங்கள். தலைக்குத் தண்ணீர் என்றால் உயிர். வாலில் ஒரு சொட்டு பட்டாலோ கத்தி ஊரைக் கூட்டிவிடும். அதனால் வாத்துகளும் அவற்றைச் சேர்க்கவில்லை, பூனைகளும் சேர்க்கவில்லை. தலையை ஏரியில் விட்டு, வாலைக் கரையில் போட்டு, அவை பாட்டுக்குக் கிடந்தன.

அந்தக் கரையில்தான் சிங்கராஜாவின் காலை நடைக்குப் பாதை போட வேண்டுமாம். காலி செய்யச் சொல்லிவிட்டார் வேழமூர்த்தி. வேறு போக்கிடமில்லை என்று மீனலோசனி என்ற வாத்துப்பூனை கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

அப்போது மழை பிடித்தது. வேழமூர்த்தி புதிதாகக் கட்டிய அணை வெல்லம்போல் கரைந்தது. அவர் மேட்டில் ஏறி நின்று விசில் ஊதினார்.

வெள்ளத்தில் விழுந்த வாத்துப்பூனைகள் வாலை வைக்க இடமில்லாமல் தவித்தன. எங்கே திரும்பினாலும் தண்ணீர். தண்ணீர் படாத ஒரே இடம் இன்னொரு வாலின் பக்கம்தான். அதனால் வாலோடு வால் ஒட்டிக்கொண்டது. மேல் அடுக்கின் தலைகள் மழையைப் பார்த்தன, கீழ் அடுக்கின் தலைகள் வெள்ளத்துக்குள். நடுவில் வால்கள் காய்ந்து கதகதப்பாக. அதன்மேல் அதேபோல் இன்னொரு ஜோடி அடுக்கு. யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. ஏரியில் ஒரு மெத்தை மிதந்தது. அடித்துச் செல்லப்பட்ட முயல் முத்தப்பன் குடும்பத்தோடு அந்த வால்களுக்கு நடுவே புகுந்து, காதுகூட நனையாமல் பிழைத்தான்.

தண்ணீர் வடிந்ததும் சிங்கராஜா வந்தார்.

"யாரு சொல்லி இப்படி அடுக்கா நின்னீங்க?"

"யாரும் சொல்லலீங்க ராஜா," என்றாள் மீனலோசனி. "வாலு நனையக் கூடாதுன்னு பாத்தோம், அவ்வளவுதான்."

வேழமூர்த்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, தான் ஊதிய விசிலை நினைவூட்டினார். அடுக்கு விசிலுக்கு வந்ததா, தானாக வந்ததா என்று முத்தப்பனைக் கேட்டார்கள். உள்ளே இருட்டாக இருந்தது, ஒன்றும் தெரியவில்லை என்று அவன் நழுவிவிட்டான். அவனுக்கு வளை இருந்தது வேழமூர்த்தியின் இடத்தில். சிங்கராஜா யோசித்து, வெள்ளிக்கிழமை தன் கண்முன் வாத்துப்பூனைகள் அந்த அடுக்கைச் செய்துகாட்டினால் கரை அவர்களுக்கே, இல்லாவிட்டால் காட்டைவிட்டே போய்விட வேண்டும் என்றார்.

ராஜாவின் பிடரி நனையலாமா? நிகழ்ச்சியை மைதானத்தில் வைத்தார் வேழமூர்த்தி.

"தண்ணி இல்லாம எங்களுக்கு அடுக்கு வராதுங்கய்யா," என்றாள் மீனலோசனி.

"ஒழுக்கம் இருந்தா எங்கயும் வரும்."

விசில் ஒலித்தது. வாத்துப்பூனைகள் வெயிலில் திருதிருவென்று விழித்தன. ஒன்று சொறிந்துகொண்டது, இரண்டு தூங்கிவிட்டன. அப்போதுதான் ராஜா குடிக்கத் தண்ணீர் வைத்திருந்த அண்டா தலைகளின் கண்ணில் பட்டது. அத்தனை தலைகளும் அண்டாவைப் பார்த்துப் பாய்ந்தன. வட்டம் வட்டமாக, அடுக்கடுக்காக, யாரும் சொல்லாமலே. அழகான வரிசைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் தலையெல்லாம் உள்ளே, வாலெல்லாம் வெளியே, ராஜாவின் மூக்குக்கு நேரே.

அன்று மாலையே ஏரிக்கரை காலியானது. மீனலோசனி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். எனக்கு இன்னும் அதை நினைத்தால் ஆத்திரம் வருகிறது. அவளுக்குப் பசிதான் வந்தது என்கிறார்கள்.

அடுத்த மழையிலும் அணை உடைந்தது. வேழமூர்த்தி விசில் ஊத, முத்தப்பன் குடும்பம் உயர வரிசைப்படி நின்றது. அதே வரிசையில் அடித்துச் செல்லப்பட்டது. இரண்டு காடு தாண்டி ஒரு மெத்தை மிதந்துகொண்டிருந்தது. முயல்கள் மூச்சிரைக்க வால்களுக்கு நடுவே புகுந்தன.

மேலேயிருந்து மீனலோசனியின் குரல் கேட்டது.

"உள்ள இருட்டா இருக்கா முத்தப்பா?"

"இல்லக்கா," என்றான் அவன். "இப்ப நல்லாத் தெரியுது."

இங்கே, வரிசை கடைசிவரை குலையவில்லை என்பதற்காக வேழமூர்த்திக்குப் பதவி உயர்வு கிடைத்தது. இப்போது அவரிடம் இரண்டு விசில்கள்.

நீதி: ஒரு காரியம் தானாக நடப்பதைக் கண்டால் உடனே விசிலை ஊதிவிடு. நடந்தால் அது உன் மேற்பார்வை. நின்றால் அது அவர்களுடைய ஒழுங்கீனம்.