மீட்டரைக் குறைத்த ரிவர்ஸ் அண்ணாச்சி

முன்பக்கம் பார்த்து வாழ்ந்தவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் என்ன கண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. பின்பக்கம் பார்த்தே வாழ்ந்து, ஒரு குறையும் இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். போர்ட் பிளேரில், ஷாதிபூரில் இருந்தார். பெயர் ரிவர்ஸ் அண்ணாச்சி. அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். அதை யாரும் எடுத்துப் பார்த்ததில்லை.

நான் சொல்வது அறுபதுகளில். தீவுக்கு மெயின்லாண்ட் பேப்பர் அப்போதெல்லாம் கப்பலில்தான் வரும். பதினைந்து நாள் பேப்பர் ஒரே கட்டாக வந்து இறங்கும். எல்லோரும் பழைய தேதியிலிருந்து வரிசையாக வாசிப்பார்கள். அண்ணாச்சி கடைசித் தேதியை முதலில் உருவுவார். எங்கோ ஒரு மந்திரி ராஜினாமா செய்ததைப் படித்துவிட்டு, எதற்காகச் செய்தார் என்று ஒவ்வொரு நாளாகப் பின்னால் போய்த் துப்பறிவார்.

"ஏல, நீங்க வாசிக்கையில மந்திரி நல்லவனா ஆரம்பிச்சுக் கள்ளனா முடியுதான். நான் வாசிக்க வாசிக்க நல்லவனாயிக்கிட்டே வாரான் பாத்தியா! இப்பம் மாலையும் கழுத்துமா நிக்கான்" என்பார்.

சாப்பாட்டில் மோர்ச் சோற்றில் தொடங்கிச் சாம்பாரில் முடிப்பார். கதை சொன்னால், "அப்பிடியாக அவனக் கொண்டுபோயிப் பொதச்சாங்க" என்று ஆரம்பிப்பார். கால் மணி நேரம் கழித்து அந்த ஆள் பிறந்து பெயர் வைக்கும் இடத்துக்கு வரும்போது நாங்கள் கைதட்டுவோம்.

இதற்கெல்லாம் காரணம் அவருடைய தொழில் என்று சொல்வார்கள். ஒரு கான்ட்ராக்டரின் மர லாரி ஓட்டினார். காட்டுக்குள் லாரியைத் திருப்ப இடம் கிடையாது. தடி ஏற்ற வேண்டுமென்றால் மெயின் ரோட்டிலிருந்து மைல் கணக்கில் பின்னாலேயே உள்ளே போக வேண்டும். மற்ற டிரைவர்கள் அழுதுகொண்டே போவார்கள். இவர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போவது போலப் போவார். ஆனால் மதினி, அதாவது அவர் மனைவி, தொழில் காரணமில்லை என்பாள். "கப்பல்ல வரும்போதே இந்த மனுசன் பின்பக்கந்தான் உக்காந்துருந்தாரு. அத்தன பேரும் வாந்தி எடுக்காங்க, இவரு மட்டும் விட்டுட்டு வந்த கரையவே பாத்துக்கிட்டு வேர்க்கடல திங்காரு."

நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்றால், பெரிய கதை ஒன்றும் இல்லை. ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் அடித்தார் என்று ரயில் ஏறியவன். தூத்துக்குடியில் உப்பளம், கொழும்பில் மூட்டை, அசாமில் ரோட்டு வேலை. காய்ச்சல் வந்தால் வேலை போகும். வேலை போனால் வேறு ஊர் போவேன். எந்த ஊரிலும் ஒரு வருஷம் முழுதாக இருந்ததில்லை. போர்ட் பிளேரில் மரம் அறுக்கும் ஆலையில் வேலை கிடைத்தது. ஷாதிபூரில் அண்ணாச்சி வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தேன். மதினி கையால் சாப்பாடு. என்ன செய்தார்களோ, பெர்மனென்ட் ஆக்கிவிட்டார்கள். பெர்மனென்ட் என்ற வார்த்தையைக் கேட்டதுமே எனக்குக் கால் அரிக்க ஆரம்பித்துவிட்டது. அடுத்த கப்பலுக்கு டிக்கெட் எழுதி வைத்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கான்ட்ராக்டர் லாரியை விற்றுவிட்டு ஊருக்குப் போய்விட்டான். அண்ணாச்சிக்கு இரண்டே வழி. ஒன்று, மதினியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் விட்டுவிட்டு வடக்கே காட்டுக் கேம்பில் மரம் வெட்டப் போவது. இன்னொன்று, மாற்றலாகிப் போகும் ஒரு ஆபீசர் விற்கிற காரை வாங்கி டாக்ஸி ஓட்டுவது.

கார் ஷாதிபூருக்கு வந்து நின்றது. பழைய சீமைக் கார். முன்பக்க இடது கதவு தேங்காய்க் கயிற்றில் கட்டியிருந்தது. பின்சீட்டில் கால் வைக்கும் இடத்தில் ஓட்டை. அது வழியாக ரோட்டைப் பார்க்கலாம். மீட்டரில் அறுபதாயிரத்து நாற்பத்தொரு மைல்.

தெருவே கூடிவிட்டது. எங்கள் தீவில் இருக்கிற ரோட்டையெல்லாம் முடிச்சுப் போட்டு நீட்டினாலும் அவ்வளவு வராது. எங்களுக்குத் தெரிந்த மைலெல்லாம் கப்பல் மைல்தான்.

"அறுபதாயிரம்னா மெட்ராஸ் போயிட்டு வந்தா எத்தன தடவ?" என்று மளிகைக்கடை பாய் கேட்டார்.

யாரோ கணக்குப் போட்டுச் சொன்னார்கள்.

"அல்லாவே! அத்தன தடவ போய் வந்தா மனுசன் எந்திரிக்கவே மாட்டானே. வேணாம் அண்ணாச்சி, இது மவுத்தாப் போற வண்டி."

மதினி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஓட்டையில் காலை விட்டுப் பார்த்தாள். இறங்கி வந்து, "வாங்குங்க. ஓடித்தான வந்துருக்கு, தூக்கியா வந்தாங்க?" என்றாள். அவ்வளவுதான், தீர்ப்பு ஆகிவிட்டது.

கடன் கொடுப்பது எங்கள் ஆலைத் தொழிலாளர் கடன் சங்கம். வெளியாளுக்கும் கொடுப்பார்கள், ஆனால் ஆலையில் பெர்மனென்ட் ஆள் ஒருவன் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். போட்டவன், கடன் தீரும் வரை தீவை விட்டுப் போகக் கூடாது. சங்கத்தின் பாக்கியில்லை சீட்டைக் காட்டினால்தான் எங்கள் ஆலை ஆளுக்குக் கப்பல் டிக்கெட் கைக்கு வரும். இந்தக் கடன் தீர மூன்று வருஷம். நான் பெர்மனென்ட் என்பது ஷாதிபூர் நாய்களுக்குக்கூடத் தெரியும். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இவனா?" என்றாள் மதினி. "இவன் நிக்கிற ஆளா? இவன நம்புறதுக்கு அந்தக் கதவுக் கயித்த நம்பலாம்."

மூன்று வருஷம் ஒரே ஊரா? ஆனால் மூன்று வேளையும் சோறு போட்ட வீடு. இல்லை என்று எந்த வாயால் சொல்வது? அப்போதுதான் சங்கத்தின் இன்னொரு விதி ஞாபகம் வந்தது. மீட்டரில் அறுபதாயிரம் மைலைத் தாண்டிய வண்டிக்குக் கடன் கிடையாது. எங்கள் செயலாளர் விதிப்புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிற ஆள். செத்தாலும் கொடுக்கமாட்டார்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: "என்ன மதினி இப்படிச் சொல்லிட்டீங்க? சங்கத்துல வண்டியப் பாஸ் பண்ணட்டும். அடுத்த நிமிஷம் நான் கையெழுத்துப் போடுறேன்."

அண்ணாச்சி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பெருமையாக இருந்தது. பைசா செலவில்லாமல் நல்லவனாவது லேசில் கிடைக்கிற காரியமா?

செயலாளர் எதிர்பார்த்தபடியே, "நாற்பத்தொரு மைல் தாண்டிடுத்தே. ஸாரி" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

காரை ஆபீசரிடமே திருப்பி விடக் கிளம்பினோம். ஷாதிபூர் மேட்டில் பாதி ஏறியதும் கார் மூச்சு வாங்கி நின்றது. மறுபடி முயன்றார். மறுபடி நின்றது. அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். பிறகு கீழே போய், வண்டியைத் திருப்பி, ரிவர்ஸில் போட்டு ஏறினார். அந்தக் கார் ஆட்டுக்குட்டி மாதிரி ஏறியது! பழைய வண்டிகளில் அப்படி உண்டாம். பின் கியருக்குத்தான் பலம் அதிகமாம்.

மேட்டின் உச்சியில் வண்டியை நிறுத்தினார். மீட்டரையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"ஏல."

"என்ன அண்ணாச்சி?"

"நாப்பத்தொண்ணு இருந்துதுல்லா?"

"ஆமா."

"இப்பம் நாப்பது."

எட்டிப் பார்த்தேன். நாற்பதுதான். அந்தச் சனியன் பிடித்த மீட்டர், வண்டி பின்னால் போனால் பின்னால் சுற்றுகிற ஜாதி!

"அண்ணாச்சி, இது ஏமாத்து வேலை" என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"என்னலே ஏமாத்து? கடைக்குப் போன. போன வழியே திரும்பி வீட்டுக்கு வந்துட்ட. இப்பம் நீ எங்க இருக்க?"

"வீட்ல."

"அப்பம் நீ போகவே இல்லல்லா? அதான் கணக்கு. ஏறு."

சனி, ஞாயிறு இரண்டு நாள். ஷாதிபூரிலிருந்து டாலிகஞ்ச் வழியாகப் புரோத்ராபூர். அங்கே ஒரு வயல் பொட்டலில் பின்னாலேயே வளைத்துத் திருப்பிக்கொண்டு, மறுபடி ஷாதிபூர். ஓர் அடிகூட முன்னால் போகக் கூடாது என்று உத்தரவு. ஒரு இடத்தில் சேற்றில் மாட்டிக்கொண்டபோது, "முன்னால தள்ளட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டதற்கு, "தள்ளுனாலும் சக்கரந்தானல சுத்தும்!" என்று அடிக்க வந்தார்.

முதல் நடையிலேயே அவர் கழுத்து பிடித்துக்கொண்டது. அதனால் நான் பின்சீட்டில் முட்டி போட்டு, பின் கண்ணாடி வழியாகப் பார்த்து, "இடது! வலது! மாடு! ரெண்டு மாடு!" என்று கத்த வேண்டும். என்னை மூன்று வருஷத்துக்குக் கட்டிப் போடப்போகிற நம்பரை நானே வழி சொல்லிக் குறைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நடைக்கும் பதினான்கு மைல் போனது. இருபத்தாறு. பன்னிரண்டு. எனக்கு மட்டும் அது கடிகாரம் போலத் தெரிந்தது.

டாலிகஞ்சில் ஒரு வங்காளி மீன்காரர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அரே, பாகல் ஹோ கயா க்யா? சீதா சலோ!" என்று, பைத்தியமா, நேராகப் போ என்று இந்தியில் கத்தினார். மூன்றாவது தடவை போனபோது அவரே சாலையில் நின்று மற்ற வண்டிகளை நிறுத்தி எங்களுக்கு வழி விட்டார். நாலாவது தடவை தெருப் பிள்ளைகள் வரிசையாக நின்று எங்களுக்குக் கை காட்டினார்கள். ஞாயிறு சாயங்காலம் மீட்டர் ஐம்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு.

திங்கள்கிழமை செயலாளர் ஆபீஸ் வாசலுக்கு வந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"போன வாரம் ஜாஸ்தி இருந்ததே?"

"கொறச்சிட்டேன் சார்" என்றார் அண்ணாச்சி, மருந்து சாப்பிட்டு உடம்பு இளைத்தவர் மாதிரி.

"எப்படிக் குறையும்? சரி, ஓட்டிப் பார்க்கணும். என்னை டாலிகஞ்ச்ல என் வீட்டில் விடுங்கோ."

எனக்கு உயிர் வந்தது. டாலிகஞ்ச் மூன்று மைல். முன்னால் போனால் அறுபதாயிரத்து ஒன்று. ரிவர்ஸில் போனால் செயலாளர் பாதி வழியில் குதித்துவிடுவார்.

அண்ணாச்சி கதவுக் கயிற்றை அவிழ்த்துச் செயலாளரை முன்சீட்டில் உட்கார வைத்து, மறுபடி கட்டினார். குதிக்கிற வழி அதோடு அடைந்தது. நான் பின்சீட்டில் முட்டி போட்டேன். வண்டி கிளம்பியது.

"ஏன் ஆபீஸ் இன்னும் எதிர்லயே தெரியறது?" என்றார் செயலாளர்.

"தூரமாப் போகுது பாருங்க சார்."

"நாம பின்னால போறோம்!"

"ரூலுக்காகத்தான் சார். முன்னால போனா உங்களாலயே ரூல் மீறிப் போயிரும்லா?"

செயலாளர் மடியிலிருந்த விதிப்புத்தகத்தைப் பிரித்தார். நான் "மாடு!" என்று கத்தும்போதெல்லாம் ஒரு பக்கம் புரட்டினார். டாலிகஞ்ச் வந்தபோது கடைசிப் பக்கத்தை முடித்திருந்தார். மீட்டரைக் குனிந்து பார்த்தார். தொண்ணூற்றைந்து.

"பின்னால ஓட்டப்படாதுன்னு எங்கேயும் போடலை" என்றார், வேர்வையைத் துடைத்துக்கொண்டு. "மீட்டர் என்ன காட்றதோ அதுதான் ரூல். பாஸ்." இறங்கி நாலு அடி பின்னாலேயே நடந்து, பிறகு சுதாரித்துக்கொண்டு திரும்பி வீட்டுக்குள் போனார்.

மறுநாள் காலை சங்க ஆபீஸ். ஜாமீன் தாள் மேஜையில் இருந்தது. சாத்தம் ஜெட்டியில் நான் ஏற வேண்டிய கப்பல் நின்றது. ஜன்னல் வழியாகப் புகைபோக்கி தெரிந்தது. என் பேரில் இன்னும் கடன் இல்லை, பாக்கியில்லை சீட்டு சட்டைப் பையில். போய்க் காட்டினால் டிக்கெட் கையில்.

அண்ணாச்சி பக்கத்தில் இருந்தார். கழுத்து ஒரு பக்கம் திரும்பியபடியே பிடித்துப்போயிருந்தது. மதினி வேப்பெண்ணெய் தடவித் துண்டைச் சுற்றியிருந்தாள். அதனால் என்னிடம் பேசும்போதும் சுவரைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஏல, நீ கையெழுத்துப் போடுதேன்னு சொன்னது வண்டி பாஸாகாதுன்னுட்டுத்தான். எனக்குத் தெரியும்ல. போறதுன்னா போ. கேம்புல ஆளு எடுக்காங்களாம், நான் பாத்துக்கிடுதேன்."

கழுத்து சரியாக இருந்திருந்தால் முகத்துக்கு நேரே ஏதாவது பொய் சொல்லித் தப்பித்திருப்பேன். ஓட எனக்குத் தெரியும், அதில்தான் எனக்கு அனுபவம். ஆனால் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஒரு மனிதரிடம் எப்படிப் பொய் சொல்வது? கையெழுத்துப் போட்டேன். வெளியே கப்பல் சங்கு ஊதியது. மதினி அன்றைக்குச் சாம்பாரை முதலில் ஊற்றாமல் மோரை ஊற்றினாள், எனக்கும்.

மூன்று வருஷம் அந்த டாக்ஸி ஓடியது. மேடுகளில் பின்னால் ஏறும், இறக்கத்தில் முன்னால் இறங்கும். போர்ட் பிளேர் முழுக்க மேடும் இறக்கமும்தானே. அதனால் மீட்டர் அறுபதாயிரத்தைச் சுற்றியே ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது. புதிதாக வருகிற ஆபீசர்கள் அலறுவார்கள். ஊர்க்காரர்கள் பின்னால் போகும்போது தெருவில் எதிர்ப்பட்டவர்களிடம் பேசி முடித்துக்கொள்வார்கள். வண்டி ஒருநாளும் நடுவழியில் விட்டதில்லை. எனக்கும் ஒரு தவணையைக்கூடக் கட்ட வேண்டி வரவில்லை.

கடன் தீர்ந்த அன்று பாக்கியில்லை சீட்டை அண்ணாச்சியே வாங்கி வந்து என் கையில் வைத்தார். அந்த வாரமே டிக்கெட் எடுத்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மதினி கட்டுச்சோறு கட்டிக் கொடுத்து, திட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

ஜெட்டிக்கு அண்ணாச்சிதான் கொண்டுபோய் விட்டார். வழியில் ஏற்றம் இருந்தது, சரி. இறக்கமும் இருந்தது, சமதளமும் இருந்தது. எல்லாவற்றிலும் ரிவர்ஸிலேயே போனார். நான் பழைய வழக்கப்படி பின்சீட்டில் முட்டி போட்டு, "இடது, வலது" என்று சொல்லிக்கொண்டு வந்தேன். "கடன்தான் தீந்துட்டே, இன்னும் எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டதற்கு, "மாடு இருக்கா பாரு" என்றார்.

இறங்கும்போது மீட்டரைப் பார்த்தேன். ஷாதிபூரில் ஏறும்போது இருந்ததைவிட இரண்டு மைல் குறைவாகக் காட்டியது. அவருடைய கணக்குப்படி நான் இன்னும் அங்கிருந்து கிளம்பவில்லை.