கழுத்தில் துண்டில்லாத ஜாதகம்

"ஓட்டு போட்டவங்ககிட்ட நான் என்னங்க சொல்லட்டும்?" என்று இரண்டு வருஷத்துக்கு முன் லாஸ்யா கேட்டாள்.

"கிரகம் மாறிடுச்சுன்னு சொல்லு," என்றான் கணவன் பிரணீத்.

முப்பத்திரண்டு வயது எம்.எல்.ஏ. ஊதாத் துண்டுக் கட்சியில் ஜெயித்தான், கிளிப்பச்சைக்குத் தாவினான், பிறகு செங்கல் நிறத்துக்கு. இரண்டு தாவலுக்கும் நாள் குறித்தவர் ஜோசியர் கொம்மராஜு சித்தாந்தி. தெலுங்கு வருஷப் பிறப்பான யுகாதியன்று காலையில் ஒரு கட்சி ஆபீசில் பஞ்சாங்கம் வாசித்து, "ஆட்சி உங்களுக்கே" என்பார். மதியம் எதிர்க்கட்சியிலும் அதையே வாசிப்பார். அன்று கிரகங்களுக்கு இரண்டு ஷிப்ட்.

லாஸ்யாவுக்குத்தான் நெசவாளர் தெருவுக்குள் நுழைய முகமில்லை. வீடு வீடாக உட்கார்ந்து அவனுக்காக ஓட்டுக் கேட்டவள் அவள். அவனிடம் கேட்க நினைத்த ஒன்றை அன்றிலிருந்து தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள்.

இந்த யுகாதிக்குச் சித்தாந்தியின் தரிசனம் கல்யாண மண்டபத்தில். கூட்டம் ஜன்னல் வரை தொங்கியது. அடுத்த தாவலுக்கு உத்தரவு கேட்கக் கிளம்பினான் பிரணீத்.

"என் துண்டு எங்கே?"

"துவைக்கப் போட்டுட்டேங்க. ஜாதகம் பார்க்கத் துண்டு எதுக்கு?"

மேடையில் சித்தாந்தி ஜாதகக் கட்டத்தைப் பார்த்தார். பிரணீத்தின் கழுத்தைப் பார்த்தார். மறுபடி கட்டம். மறுபடி கழுத்து. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவன் எந்தக் கட்சி என்று அந்த வாரம் பத்திரிகைகளே இரண்டு விதமாகப் போட்டிருந்தன. கடைசியில் குனிந்து கிசுகிசுத்தார். மைக்கை அணைக்க மறந்துவிட்டார்.

"பாபு, இப்ப நீ எந்தக் கட்சி?"

மண்டபம் அதிர்ந்தது. "ஏன் சாமி, அது கட்டத்துல போடலையா?" என்று நெசவாளர் தெரு நாகரத்தினம்மா கத்தினாள்.

கூட வந்திருந்த லாஸ்யா மைக்கை இழுத்தாள். "ஆள் அதே ஆள், பிறந்த நேரமும் அதேதான். மந்திரி ஆவாரா, சொல்லுங்க சித்தாந்திகாரு."

"கட்சி தெரியாம எப்படிம்மா பலன் சொல்றது?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"கேட்டீங்களா? இவர் இத்தனை நாளும் படிச்சது துண்டைத்தான்," என்றாள் லாஸ்யா கூட்டத்திடம். "நாமளும் துண்டைப் பார்த்துத்தான் ஓட்டு போட்டோம். அடுத்த தடவை தலைக்குள்ள என்ன இருக்குன்னு பாருங்க. முதல்ல நம்ம தலைக்குள்ள."

பிரணீத் வெறுங்கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றான். அவள் அவன் பக்கம் திரும்பினாள். குரல் தணிந்தது.

"பதவியை ராஜினாமா பண்ணிடுங்க. நெசவாளர் தெருவுக்கு நானும் கூட வர்றேன். எந்தக் கட்சிக்குப் போகட்டும்னு ஓட்டு போட்டவங்களையே கேளுங்க."