ஐந்தாம் மாடிக்காரர் வேலையில்லாதவர் அல்ல

குன்ஷான்,
ஜூன் 14

மதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு,

உங்கள் தம்பி மகள் ஷுயான் பணிவுடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் முதுகுவலி குறைந்திருக்கிறது. அம்மாவின் எடை குறையவில்லை. ஷாங்காயில் நீங்களும் மாமாவும் உங்கள் ஆமையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்று போனில் நீங்கள் அப்பாவிடம், "வேலைவெட்டி இல்லாதவனுக்கு என் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கியேடா, மாசக் கடைசிக்குள்ள கிளப்பிடு" என்று சொன்னது மாடிப்படி முழுக்கக் கேட்டது. அப்பா உங்களை எதிர்த்துப் பேசமாட்டார், பிறந்ததிலிருந்தே பேசியதில்லையாம். ஆகவே நான் எழுதுகிறேன். அங்கே குடியிருக்கும் துவார்த்தே போய்விட்டால் ஞாயிறுதோறும் என் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்த இந்தக் குடியிருப்பில் வேறு ஆளே இல்லை. அவர் போர்ச்சுகல்காரர். லிஸ்பன் நகரத்துக் கம்பெனி ஒன்றுக்கு உங்கள் ஐந்தாம் மாடியில் உட்கார்ந்தபடியே கணினியில் வேலை செய்கிறார். நமக்குச் சாயங்காலம் நாலு மணியாகும்போதுதான் அங்கே ஆபீஸ் திறக்கும். அதனால் காலையில் அரைக்கால் சட்டையோடு பூங்காவில் சதுரங்கம் வேடிக்கை பார்ப்பார். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. நம் ஊரில் வேலை உள்ளவர்கள் எல்லோரும் காலை ஆறு நாற்பது ரயிலைப் பிடித்து ஷாங்காய் போய்விடுகிறார்களே. ரயில் ஏறாதவர் ஒன்று ஓய்வு பெற்றவர், இல்லையென்றால் பரிதாபத்துக்குரியவர்.

"முப்பத்தஞ்சு வயசு ஆம்பளை பகல் பதினோரு மணிக்கு வெங்காயத்தாள் வாங்குறான்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டார் இரண்டாம் மாடி பாவ் பெரியம்மா. கீழே முற்றத்தில் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு விசிறியோடு ஆடும் பெண்கள் குழுவுக்கு அவர்தான் தலைவி. அந்தக் கொட்டுச் சத்தம் துவார்த்தேயின் கணினிக் கூட்டத்துக்குள் புகுந்து, அவருடைய மேனேஜர் திரு. வாஸ், "இன்னொரு முறை இடையூறு வந்தால் லிஸ்பனுக்குத் திரும்பு, அல்லது வேலையை விடு" என்று சொல்லிவிட்டார். அந்த மேனேஜர் சத்தம் போடுவது ஜன்னல் வழியே கீழே கேட்கும்.

"பாவம், அப்பன்காரன் தினமும் திட்டுறான்" என்றார் பெரியம்மா.

"அது மேனேஜர், பெரியம்மா."

"போடி புத்தகப் புழு! மேனேஜர்னா ஆபீஸ்ல இருப்பான். வீட்டுக்குள்ள வந்து திட்டுறவன் அப்பன்தான்."

வியாழக்கிழமை சரியாக ஏழு மணிக்கு, துவார்த்தேக்கு வேலை போட்டுக் கொடுக்கத் தன் அக்கா மகனின் திருகாணித் தொழிற்சாலையில் வாங்கிய வாயிற்காவலர் சீருடையோடும், சிவப்பு விசிறி பிடித்த நாலு பேரோடும் பெரியம்மா மாடியேறினார். தடுக்கலாம் என்று நான் பின்னால் ஓடினேன், ஆனால் கதவு பூட்டியிருக்கவில்லை. துவார்த்தே இடுப்புக்கு மேலே கோட்டும் கீழே அரைக்கால் சட்டையுமாகத் திரைமுன் உட்கார்ந்திருந்தார். திரையில் ஒன்பது முகங்கள், நடுவில் திரு. வாஸ். பெரியம்மா அளவு பார்ப்பதற்காகக் காவலர் தொப்பியைத் துவார்த்தேயின் தலையில் கவிழ்த்துவிட்டுத் திரையைப் பார்த்துக் கை நீட்டினார்.

"ஏன்யா, உனக்குப் பெத்த மனசே கிடையாதா? ஏழு மணியானா புள்ளையைத் திட்டுறியே, சாப்பிட்டியான்னு ஒரு நாளாவது கேட்டியா? ஷுயான், சொல்லுடி அவன்கிட்ட!"

மொழிபெயர்ப்பில் எதையும் விடக்கூடாது என்று எங்கள் ஆசிரியை சொல்லியிருக்கிறார். 'பெத்த மனசு' உட்பட எதையும் நான் விடவில்லை. துவார்த்தே தொப்பியை இழுத்து மூக்குவரை மூடிக்கொண்டார்.

திரு. வாஸ் தொண்டையைச் செருமினார். "துவார்த்தே, சாப்பிட்டாயா?"

"அப்படிக் கேளு! சரி, அவன் கையில என்ன அது?"

"காய்ந்த ரொட்டி, பெரியம்மா. அங்கே இப்போ மத்தியானம்."

"அடப்பாவமே! சூடா ஒரு கரண்டி சூப் வச்சுக் குடுக்க வீட்டுல ஆளில்லையா?"

இதையும் மொழிபெயர்த்தேன். மூன்று வருடமாக இல்லை என்றார் திரு. வாஸ். உடனே பெரியம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "இங்க வரச் சொல்லுடி. தொழிற்சாலை கேட்டுக்கு ரெண்டாவது ஆளும் வேணுமாம்." நான் சொல்லி முடித்ததும் திரு. வாஸ் திரையே குலுங்கும்படி சிரித்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடி சிரித்தார். பிறகு தினசரிக் கூட்டத்தை நம் நேரம் எட்டு மணிக்குத் தள்ளிவைத்து, துவார்த்தே விரும்பும்வரை இங்கேயே இருக்கலாம் என்று எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தார்.

ஆகவே அத்தை, அவருக்கு வேலை இருக்கிறது என்பதற்கு ஐந்து பெண்களும் ஒன்பது போர்ச்சுகல்காரர்களும் சாட்சி. அவர் ஒற்றை ஆள், செருப்பு இரண்டே ஜோடி. விருந்தாளி என்று யாரும் வந்ததில்லை, வரவும் மாட்டார்கள். உங்கள் சாமான்கள் வைத்தது வைத்த இடத்தில் இருக்கின்றன. இதற்கெல்லாம் நான் பொறுப்பு. தயவுசெய்து அவரை அனுப்ப வேண்டாம்.

உங்கள் முழங்கால் மாடிப்படிகளை மன்னிக்கட்டும், மாமாவின் கோபம் ஆமையின் வேகத்தில் வரட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

அன்பு மருமகள்,
ஷுயான்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் துவார்த்தே ஓடி வந்தார். சனிக்கிழமை திரு. வாஸ் ஒரு மாதம் தங்கி வேலை செய்ய இங்கே வருகிறாராம். திரையில் இருந்த மற்ற எட்டுப் பேரும் கூட வருகிறார்கள். எல்லோருக்கும் உங்கள் வீடுதான். "அக்காகிட்ட அப்புறம் சொல்லிக்கலாம்" என்று அப்பா வாழ்க்கையில் முதன்முறையாகத் தைரியமாகப் பேசினார். ஒன்பது மெத்தைகள் வந்துவிட்டன. இடம் போதாததால் உங்கள் கல்யாணக் கட்டிலை முற்றத்தில் இறக்கி வைத்திருக்கிறோம். மழை வராது என்று பாவ் பெரியம்மா உறுதியாகச் சொல்கிறார்.