மாவிஸுக்கு ஐம்பத்திரண்டு பாராட்டுக் கடிதங்கள் வேண்டும்

பர்பாங்க், கலிபோர்னியா
1957 மார்ச் 11, திங்கள்

அன்பும் அதைவிட அதிகமாகப் பொறுமையும் உள்ள தங்கை ஹில்டாவுக்கு,

உன் அண்ணன் ஆல்வின் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி எட்னாவும் மூட்டுவலி நீங்கலாகச் சுகம். அங்கே அயோவாவில் நீயும் மாப்பிள்ளை கஸ்ஸும் பன்றிகளும் சுகமாக இருக்கக் கர்த்தர் கிருபை செய்யட்டும். நலம் விசாரித்தாகிவிட்டது. இனி விஷயத்துக்கு வருகிறேன். அவசரமாக எழுதுகிறேன், எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்.

என் பெண் மாவிஸ் சினிமாவுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. இதுவரை ஒன்பது முறை நர்ஸ், ஆறு முறை டெலிபோன் ஆபரேட்டர், கதாநாயகிக்குத் தோழி எத்தனை முறை என்று எனக்கே மறந்துவிட்டது. கௌபாய் படம் என்றால் காப்பி ஊற்றிக்கொண்டிருக்கும்போதே குண்டடி பட்டுவிடும். ஒரு படத்தில் நானும் எட்னாவும் பாப்கார்ன் வாங்கிக்கொண்டு உள்ளே போய் உட்காருவதற்குள் செத்துப்போனாள். மிச்ச ஒன்றரை மணி நேரம் முன்பின் தெரியாத யாரோ இரண்டு பேர் காதலித்ததைப் பார்த்துவிட்டு வந்தோம். மளிகைக் கடையில் எல்லாரும் அவளை உற்று உற்றுப் பார்ப்பார்கள். முகம் தெரியும், பெயர் தெரியாது. போன வாரம்கூட ஒரு அம்மாள், "நீங்க எங்க பல் டாக்டர்கிட்ட வேலை பாக்கறவங்கதானே?" என்று கேட்டாள். மாவிஸ் தங்கமான பெண். "ஆமா, அடுத்த மாசம் மறக்காம வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் அந்த வியாழக்கிழமைத் தொலைக்காட்சித் தொடர் கிடைத்தது. ஒரு டாக்டர் குடும்பத்துக் கதை. மாவிஸ் பக்கத்து வீட்டு மிசஸ் டிப்டன். வாரா வாரம் சமையலறைக்குள் தட்டாமல் நுழைந்து, ஒரு கிண்ணம் சர்க்கரை வாங்கி, ஊர் வம்பு இரண்டு சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அந்த இரண்டு நிமிஷத்துக்காக நான் கோட்டு மாட்டிக்கொண்டு உட்காருகிறேன். தொடருக்குப் பணம் போடுவது ஒரு சோப்புத்தூள் கம்பெனி. பதின்மூன்று வாரத்துக்கு ஒருமுறை அவர்கள் கூடி, மாவிஸ் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். வேண்டும் என்றால் அவள் இருந்துதான் ஆகவேண்டும். வேண்டாம் என்றால் மிசஸ் டிப்டன் வீட்டை விற்றுவிட்டு ஃப்ளோரிடா போய்விட்டதாக ஒரு வசனம், கதை முடிந்தது. எதை வைத்து முடிவு செய்கிறார்கள் தெரியுமா? அவர்களுடைய சிகாகோ ஆபீஸுக்கு வரும் கடிதங்களை வைத்து. கதாநாயகிக்கு மூட்டை மூட்டையாக வருகிறது. அந்த வீட்டு நாய்க்கு நாற்பது. மாவிஸுக்கு மூன்று, அதிலும் ஒன்று, இந்தப் பெண் சர்க்கரையைத் திருப்பியே தரமாட்டாளா என்று கேட்டு வந்தது.

நாய்க்குக் கீழேயா என் மகள் என்று ரத்தம் கொதித்துப் பேனாவை எடுத்தேன். மெயின் மாநிலத்தில் ஒரு பள்ளிக்கூட டீச்சர், நெப்ராஸ்காவில் ஒரு விதவை, டெக்ஸாஸில் ஆறு பிள்ளை பெற்ற தாய் என்று இருபத்தேழு பேராக மாறினேன். பாதியை இடது கையால் எழுதினேன். டெக்ஸாஸ் தாய்க்கு எழுதும்போது எனக்கே கண்ணீர் வந்துவிட்டது. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு இது போதாதா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, இருபத்தேழையும் எங்கள் தெருமுனைத் தபால்பெட்டியில் ஒரே நாளில் போட்டேன். முப்பது வருஷம் நெடுந்தூர பஸ் ஓட்டியவனுக்கு மெயின் எங்கே, பர்பாங்க் எங்கே என்று தெரியாதா? தெரியும். தபால் முத்திரைக்கும் அது தெரியும் என்பதுதான் தோன்றவில்லை.

சிகாகோ ஆபீஸ் அம்மாள் மாவிஸுக்கே போன் போட்டு, உங்கள் ஊர்க்காரர்களுக்கு உங்கள்மேல் இவ்வளவு பாசமா என்று கேட்டிருக்கிறாள். மாவிஸ் நேரே இங்கே வந்தாள். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா, மெயின்ல இருக்கற டீச்சர் பர்பாங்க் வந்து தபால் போட்டுட்டுப் போனாங்களா?"

"லீவுக்கு வந்திருப்பாங்கம்மா."

"இருபத்தேழு பேருமா?"

எட்னா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. இனி நான் பேனாவைத் தொடவே கூடாது என்று மாவிஸ் சத்தியம் வாங்கிக்கொண்டு போனாள். அதனால் இதைப் பென்சிலால் எழுதுகிறேன்.

ஹில்டா, நான் எழுதக்கூடாது என்றுதானே சொன்னாள்? நீ எழுதக்கூடாது என்று சொல்லவில்லையே. உன் தேவாலயத்து மாதர் சங்கத்தில் ஐம்பத்திரண்டு பேர் இருக்கிறார்கள். அத்தனை பேரும் நிஜமாகவே அயோவாவில் இருக்கிறார்கள், அதுதான் எனக்குப் பிடித்த விஷயம். ஆளுக்கு ஒரு கடிதம், 22ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் சிகாகோ போய்ச் சேரவேண்டும். அன்றைக்குத்தான் முடிவு. மாதிரிக்கு ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன், அப்படியே காப்பி அடிக்காமல் ஆளுக்கு ஒரு வரியாவது மாற்றச் சொல். நாயை யாரும் புகழக்கூடாது. உன் கையில்தான் இருக்கிறது என் பெண்ணின் பிழைப்பு.

உன் வீட்டில் சமாதானமும், மாப்பிள்ளையின் முதுகுக்குச் சுகமும், சோளத்துக்கு மழையும் உண்டாகட்டும்.

என்றும் உன் அன்பு அண்ணன்,
ஆல்வின் ஸ்ட்ராட்

பின்குறிப்பு: மேலே சொன்ன எதையும் செய்யாதே. உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மாவிஸ் போன் செய்தாள். ஒரு பெரிய படத்தில் கதாநாயகியின் அக்கா வேஷமாம். கடைசிவரை சாகவே இல்லையாம். திரையில் பெயர் மூன்றாவதாக, தனியாக வருமாம். கையெழுத்தாகும்வரை பெற்றவர்களிடம்கூட வாயைத் திறக்காதது இந்த ஊர் வழக்கம், அதனால்தான் அன்றைக்கு எங்களிடம் சொல்லவில்லை. இன்று கையெழுத்தாகிவிட்டது. ஆனால் சோப்புக்காரர்கள் விட்டால்தான் அவள் போகமுடியும். "அவங்க என்னை வேண்டாம்னு சொல்லணுமேன்னு நான் தினமும் ஜெபம் பண்ணிட்டிருக்கேன், நீங்க இருபத்தேழு பேரைக் கூட்டிட்டு வந்து நிக்கறீங்களேப்பா" என்று அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள்.

ஆகவே ஐம்பத்திரண்டு பேரும் திட்டி எழுதவேண்டும். பழைய மாதிரியைக் கிழித்துவிட்டுப் புதியது எழுத உட்கார்ந்து ஒரு மணி நேரமாகிறது. 'மிசஸ் டிப்டனாக நடிக்கும் பெண்' என்பதுவரை வந்தேன்; அதற்குமேல் கை 'மிக அருமையாக' என்றுதான் போகிறது. எட்னாவிடம் பென்சிலைக் கொடுத்தேன். "நான் பெத்த பொண்ணை நான் எப்படிங்க திட்டுவேன், உங்க தங்கச்சியைக் கேளுங்க" என்றாள். நியாயம்தான். போன கிறிஸ்துமஸுக்கு இங்கே வந்திருந்தபோது, தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்கினமாதிரி ஒரு குரல், இவளையெல்லாம் யார் நடிக்கக் கூப்பிட்டது என்று நீ கஸ்ஸிடம் சொன்னது என் காதில் விழுந்தது. இந்த மூன்று மாசமாக உன்மேல் கோபமாக இருந்தேன். தங்கச்சி, அதை அப்படியே எழுது. ஒரு வார்த்தைகூட மாற்றிவிடாதே.