முரியலின் கர்னலும் என் சிவப்புப் பென்சிலும்

ஆல்டர்ஷாட் பட்டாள நகரத்தில் முப்பத்திரண்டு வருடம் முடிவெட்டியவன் நான். என் நாற்காலியில் உட்கார்ந்து தலைகுனியாத கர்னல் கிடையாது. "இன்னும் கொஞ்சம் குனியுங்க சார்" என்றால் குனிவார்கள். அப்பேர்ப்பட்ட இந்த ஹொரேஸ் டிம்ப்ளர், வீட்டில் ஒரே ஒரு கர்னலுக்குத் தலைகுனிந்து வாழ்ந்தேன். அவர் செத்தே எண்பது வருடமாகிறது.

அவர் என் மனைவி முரியலின் கொள்ளுத் தாத்தா, கர்னல் எபனேசர் கிராட்டன்.

"கர்னல் பரம்பரையிலே யாரும் குப்பைத் தொட்டி தூக்கினதில்லைங்க" என்பாள். நான் தூக்குவேன். "கர்னல் வீட்டிலே ஆறின டீ குடிக்கிற வழக்கமே இல்லை" என்பாள். நான் மறுபடி கெட்டிலை வைப்பேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆகஸ்ட் விடுமுறைப் பேச்சில்தான் பொறுமை போயிற்று. நான் வேல்ஸ் போய் ஆற்றில் மீன் பிடிக்க ஆசைப்பட்டேன். அவளோ வொர்திங்கில் இருக்கும் அக்கா பிலிப்பா வீட்டுக்குப் போகவேண்டும் என்றாள். பிலிப்பா வீட்டில் மூன்று நாய்கள். மூன்றையும் குளிப்பாட்டுவது, கர்னல் பரம்பரையில் சேராதவனான என் வேலை.

"உங்க கர்னல் நிஜமாவே கர்னல்தானா?" என்றேன். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை கேட்கிறேன்.

பின்னல் ஊசி நின்றது. "சந்தேகமா?"

"அந்தக் காலத்துப் பட்டாளச் சர்ச்சிலே ஒவ்வொரு குழந்தையோட ஞானஸ்நானத்தையும் எழுதி வெச்சிருக்காங்க. பக்கத்துலேயே அப்பனோட பதவியும் இருக்கும். உங்க பாட்டி அகஸ்டா இந்த ஊர்லதானே பிறந்தாங்க? நான் போய்ப் பார்க்கத்தான் போறேன்."

அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஊசியைத் திரும்ப ஓட்ட ஆரம்பித்தாள்.

"தாராளமாப் பாருங்க. ஆனா பந்தயத்தை ஒழுங்கா வெச்சுக்கலாம். எங்க ஆளு உங்க ஆளுக்கு மேல் பதவின்னு பதிவேடு சொன்னா வொர்திங். இல்லேன்னா வேல்ஸ். சரியா?"

"எங்க ஆளா? எங்க வீட்ல தாத்தா ஜோசையா காலத்திலேர்ந்து எல்லாரும் கத்திரி பிடிச்சவங்கம்மா. துப்பாக்கி பிடிச்ச ஆளே கிடையாதே!"

"அப்ப உங்களுக்கு என்னங்க பயம்?"

அதானே! எழுதிக் கையெழுத்தே போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் முதல் பதிவேட்டு அலுவலகமே கதி. இருட்டு மூலையில், பழைய பதிவேடுகளைப் படம் பிடித்து வைத்த பிலிம் சுருளைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கவேண்டும். அந்தப் பாதிரியார்கள் குழந்தைக்குத் தண்ணீர் தெளித்த கையைத் துடைக்காமலே எழுதியிருப்பார்கள் போலிருக்கிறது. எழுத்தெல்லாம் நீச்சலடித்தது. பட்டாளமும் லேசுப்பட்டதல்ல. ஞாயிறு தவறாமல் பிள்ளை பெற்றிருந்தது. பீரங்கிக்காரன் பிள்ளை, முரசுக்காரன் பிள்ளை, லாடம் அடிப்பவன் பிள்ளை... மூன்று வாரம் இப்படியே போயிற்று. ஞானஸ்நானம் தேடியதில் எனக்கு வியர்வையில் ஸ்நானம் ஆயிற்றே தவிர ஞானம் வரவில்லை.

முரியலோ தினம் காலையில் சாண்ட்விச் கட்டிக் கொடுத்து, "நிதானமாத் தேடுங்க, எந்த வரியையும் விட்டுடாதீங்க" என்று அனுப்பிவைத்தாள். பாவம், பயத்தை மறைக்கிறாள் என்று நினைத்தேன்.

நான்காவது திங்கட்கிழமை அகப்பட்டது. ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்று, மே மாதத்து ஒரு ஞாயிறு. குழந்தை: அகஸ்டா. தகப்பன்: எபனேசர் கிராட்டன். பதவி: சார்ஜெண்ட்!

கர்னல் இல்லை. கேப்டன்கூட இல்லை. வெறும் சார்ஜெண்ட்! அந்த அமைதியான அலுவலகத்தில் நான் போட்ட சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, பக்கத்தை நகல் எடுத்து, அந்த வரியைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் கட்டம் போட்டு, பஸ்ஸுக்குக்கூடக் காத்திராமல் நடந்தே வந்தேன்.

முரியல் வாசலில் ரோஜாச் செடியைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள்.

"பாரு உங்க கர்னலை!" என்று நீட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். "சார்ஜெண்ட்" என்றாள். "ஆமாம். எட்டு வருஷத்துக்கு முன்னாடியே பார்த்துட்டேன்."

"என்னது! அப்புறம் ஏன் கர்னல் கர்னல்னு உயிரை வாங்கினே?"

"சார்ஜெண்ட்னு சொன்னா நீங்க குப்பைத் தொட்டி தூக்குவீங்களா?"

"இனிமே தூக்க மாட்டேன். பெட்டியைக் கட்டு. வேல்ஸ்!"

"இருங்க. கட்டத்துக்குள்ளேயே பார்த்தா எப்படி? மூணு வரி கீழே படிங்க."

படித்தேன். அதே ஞாயிற்றுக்கிழமை. அதே படைப்பிரிவு. குழந்தை: ஜோசையா டிம்ப்ளர். எங்கள் கடையை ஆரம்பித்த என் சொந்தத் தாத்தா. தகப்பன்: ஜோப் டிம்ப்ளர். பதவி: சிப்பாய்.

இன்னொரு தடவை படித்தேன். சிப்பாய்தான்.

"உங்க கொள்ளுத் தாத்தாவுக்கு எங்க கொள்ளுத் தாத்தா சார்ஜெண்ட்டுங்க. 'வலது, இடது'ன்னு விரட்டியிருப்பாரு. பந்தயம் அதுதானே?"

"இதை... இதை நீயே எட்டு வருஷம் முன்னாடி காட்டியிருக்கலாமே!"

"நான் காட்டினா பொய்னு சொல்லுவீங்க. இப்ப நீங்களே தேடி, நீங்களே நகல் எடுத்து, நீங்களே கட்டம் போட்டுக் கொண்டுவந்திருக்கீங்க. இனி ஆயுசுக்கும் பேச்சு வராது பாருங்க." ரோஜாக் கத்தரியைக் கூடையில் போட்டாள். "ஏன் கூனிக்கிட்டு நிக்கிறீங்க? நிமிர்ந்து நில்லுங்க!"

என் முதுகு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், நிமிர்ந்தது.