கரடியார் போட்டதை எடுத்த கதை

ஒரு காட்டில், வேட்டையைவிடப் பங்குச் சந்தை மும்முரமாகிவிட்ட காலத்தில், குழந்தைவேலு என்றொரு கரடியார் இருந்தார். அவர் மனைவி வள்ளிக்கண்ணு குட்டிகளோடு பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். மழைக்காலச் சாப்பாட்டுக்காக அவள் காயவைத்து மூட்டை கட்டிய இலுப்பைப் பூவெல்லாம் கரடியார் பொறுப்பில் இருந்தது. அந்தக் காட்டில் சாப்பாடும் அதுதான், பணமும் அதுதான். இரண்டையும் ஒரே ஆம்பிளையிடம் விட்டுவிட்டுப் போகலாமா? போய்விட்டாள்.

மறுநாளே தரகர் ஏகாம்பரம் வந்தார். அவர் ஓணான், யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார். கறையான் புற்றில் பங்கு விற்பதாகச் சொன்னார். ஒரு பங்கு பத்துப் பூ. புற்றைக் கண்டால் மூக்கை நுழைத்து உறிஞ்சுவதுதான் கரடிக் குலத்தின் வழக்கம். முதன்முதலாக ஒரு கரடி அதில் முதலீடு செய்தது.

சந்தை விலையை மரங்கொத்தி மரத்தில் தட்டிச் சொல்லும். அடுத்த நாள் அது நாலே தட்டோடு நிறுத்தியதும் கரடியார் ஏகாம்பரத்திடம் ஓடினார்.

"லாபமே வேண்டாங்க. போட்டது வந்தா போதும். பத்துக்கு ஏறினதும் வித்துடறேன்."

"பன்னெண்டுண்ணே. வாங்கினப்போ என் தரகு ஒண்ணு, விக்கிறப்போ ஒண்ணு. லாபமும் இல்லாம நட்டமும் இல்லாம நீங்க தப்பிக்கிற இடம் அதுதான். பிரேக் ஈவன்னு சொல்லுவோம்."

கரடியார் அழ ஆரம்பித்தார். ஏகாம்பரம் தலையாட்டிக்கொண்டே வழி சொன்னார். நாலு பூ விலையில் இன்னும் அதே அளவு வாங்கிப் போட்டால் சராசரி ஏழாகிவிடும். தரகோடு சேர்த்து ஒன்பதுக்கு விற்றால் போதும். விலை ஏறாமலே மூன்று பூ மிச்சம் என்று கரடியார் கூத்தாடிக்கொண்டு வாங்கினார்.

பிறகு மரங்கொத்தி ஒரே ஒரு தட்டுத் தட்டியது. இப்போது கரடியாருக்குப் பயமே இல்லை. சந்தையில் மிச்சமிருந்த பங்குகளையெல்லாம், முன்பு வாங்கியது அத்தனைக்கும் சமமாக, ஒரு பூ வீதம் வாரிக்கொண்டார். சராசரி நாலு, தரகோடு ஆறு. இப்படியே போனால் விலை விழ விழத் தான் பணக்காரனாகிவிடுவோம் என்றுகூட அவருக்குத் தோன்றியது.

அப்போதுதான் சுற்றிப் பார்த்தார். எல்லாப் பங்கும் அவரிடம். வாங்க ஒரு ஜீவன் இல்லை. வானத்தில் மேகம் வேறு திரண்டது. வள்ளிக்கண்ணு கிளம்பியிருப்பாள்.

பயத்தில் அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. "என் வலது கையிலேருந்து இடது கைக்கு ரெண்டு பூவுக்கு வித்தா?" என்று கேட்டார்.

"கடைசியா என்ன விலைக்குக் கைமாறுச்சோ அதுதான் விலை. யார் கைன்னு சட்டத்துல இல்லைண்ணே."

ஒரு பங்கு வலமிருந்து இடம் போனது, இடமிருந்து வலம் வந்தது. மரங்கொத்தி இரண்டு தட்டியது, மூன்று தட்டியது. மாற்றிய ஒவ்வொரு தடவையும் தரகு போனதில் தப்பிக்கிற விலை ஆறிலிருந்து ஏழாகிவிட்டது. சரியாக ஏழாவது தட்டில் மருதாசலம் என்ற காட்டெருமையார் புழுதி பறக்க ஓடிவந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். கரடியார் அவர் காலில் விழாத குறை.

வள்ளிக்கண்ணு வந்து மூட்டைகளைத் தூக்கிப் பார்த்தாள். ஒன்றும் குறையவில்லை. "பரவாயில்லையே, ஒரு பூகூடத் தொடாம வச்சிருக்கீங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரைப் பாராட்டியது அன்றைக்குத்தான்.

அந்தச் சந்தோஷத்தோடு கரடியார் படுத்தபோது எட்டுத் தட்டு கேட்டது. பிறகு ஒன்பது. பத்து. காதைப் பொத்திக்கொண்டார். பன்னிரண்டு.

"ஐயோ, பங்குக்கு அஞ்சு பூ போச்சே," என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு சந்தைக்கு ஓடினார். அங்கே காட்டெருமையார் ஒரு பங்கை இடது கொம்பிலிருந்து வலது கொம்புக்கு மாற்றிக்கொண்டிருந்தார். ஏகாம்பரம் தலையாட்டிக்கொண்டிருந்தார். கரடியார் தம் கண்ணாலேயே பார்த்தார்.

"நான் பண்ணது பித்தலாட்டம்," என்றார். "இவரு நம்பிக்கையோட வாங்கறாரு. இது நிஜமான ஏத்தம்."

குகையின் பின்வழியாக மூட்டைகளையெல்லாம் இழுத்து வந்து, பூ தீரும்வரை பங்கு வாங்கினார். காட்டெருமையார் ஆனந்தத்தில் அவர் முகத்தை நக்கினார்.

"இப்போ நீங்க தப்பிக்கிற இடம் பதினாலுண்ணே," என்றார் ஏகாம்பரம்.

முதல் தூறல் விழுந்தது. குகையில் வள்ளிக்கண்ணு குட்டிகளை உட்காரவைத்துவிட்டு, பூ எடுக்க உள்ளே போனாள்.

நீதி: போட்டது திரும்பினால் போதும் என்று அழுகிறவனுக்கு அதைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், பாவம், அவன் அதை மறுபடியும் சுமந்துகொண்டு வரவேண்டியிருக்கும்.