ஏழே முக்கால் சாறி

ஒரு காலத்தில், சரியாக ஏழு மாதங்கள், பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலிலேயே மிக வேகமாக ஓடக்கூடிய தமிழன் நான்தான். இதை நானாகச் சொல்லவில்லை, மணிக்கூடு சொன்னது. அந்த மணிக்கூட்டில் ஒரு பிழையும் இருக்கவில்லை. பிழை எங்கே இருந்தது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு வருடம் கழித்து இதை எழுதுகிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் இருப்பது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

அப்போது எனக்கு இருபது வயது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் கணிதம் படித்துக்கொண்டிருந்தேன் (இதை ஞாபகத்தில் வைத்திருங்கள், பின்னால் என்னைத் திட்டுவதற்கு உதவும்). மிச்ச நேரம் முழுக்க அமெரிக்கக் கால்பந்து. பெயர்தான் கால்பந்து. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும், எதிரில் வருகிறவர்கள் மாடு மாதிரி முட்டி விழுத்துவார்கள். தலைக்கவசத்தோடு என்னை முதன்முதலில் பார்த்த அப்பா, மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டேன் என்று நினைத்து இரண்டு நாள் பேசவில்லை.

பேசவில்லை என்றாலும் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது. அதற்கு முந்தைய வருடம் சித்திரையில் அம்மா புற்றுநோயில் போய்விட்டா. ரூ பஜோல் என்ற வீதிக்குப் பக்கத்துத் தெருவில், நாலாம் மாடியில், இரண்டு அறை வீட்டில் அப்பாவும் நானும் மிஞ்சினோம். அப்பாவுக்கு ருவாசி விமான நிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றும் வேலை. விடியற்காலை போய் மத்தியானம் வருவார். "சாப்பிட்டியோ" என்பார், "ஓம்" என்பேன். ஒரு நாளைக்கு அவ்வளவுதான். செத்த வீட்டில்கூட அப்பா அழவில்லை. அதற்காக நான் அவர்மேல் உள்ளுக்குள் கோபமாக இருந்தேன்.

கார்த்திகை மாதம் எங்கள் பயிற்சியாளர் ஒரு செய்தி கொண்டுவந்தார். வருகிற ஆனியில் அமெரிக்கக் கல்லூரிகளில் இருந்து சிலர் பாரிஸுக்கு வருகிறார்கள். ஒரே ஒரு நாள், ஒரே மைதானம். ஆட்டம் எதுவும் கிடையாது, வெறும் உடல் சோதனை. உயரம், நிறை, கை நீளம், எவ்வளவு பாய்கிறாய், எவ்வளவு தூக்குகிறாய். எண்கள் பிடித்திருந்தால் படிப்பு, சாப்பாடு, இருப்பிடம் எல்லாம் அவர்கள் செலவில், நாலு வருடம் அமெரிக்காவில். எல்லாவற்றுக்கும் மேலே நாற்பது யார் ஓட்டம். (யார் என்பது துணிக்கடை யார்தான். மீற்றரைவிடக் கொஞ்சம் கட்டை.) என் உடம்புக்கு அதை நாலு புள்ளி ஏழு செக்கனுக்குள் ஓட வேண்டும், இல்லாவிட்டால் மற்றதைப் பார்க்கவே மாட்டார்கள் என்றார்.

அன்று சாப்பிடும்போது இதை அப்பாவிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் சோற்றில் கையை வைத்தபடியே நிமிர்ந்தார்.

"நாப்பது யாரோ?"

ஓம் என்றேன். அப்பா பாரிஸுக்கு வந்த புதிதில் இரண்டு வருடம் லா சப்பலில் ஒரு சாறிக்கடையில் நின்றவர். யார் என்ற சொல்லைக் கேட்டதும் தன் காணிக்குள் ஆரோ கால் வைத்த மாதிரி அவருக்கு உரிமை வந்துவிட்டது. சாப்பிட்டு முடித்து, கை கழுவி, அலுமாரிக்கு மேலே இருந்த அம்மாவின் பெட்டியை இறக்கினார். ஒன்றரை வருடமாக அதை இருவரும் தொடவில்லை. உள்ளே இருந்து கத்தரிப்பூ நிறச் சாறி ஒன்றை எடுத்தார். அந்தக் கடையில் வாங்கிய முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு எடுத்துக் கொடுத்ததாம்.

"இது ஆறு யார். நானே அளந்து வெட்டினது. ஆறு தரமும், பிறகு மூண்டிலை ரெண்டு பங்கும். நாப்பது சரி."

மீற்றரில் அளக்கலாமே என்று முனகிப் பார்த்தேன். மீற்றர் இந்தப் பிரெஞ்சுக்காரங்கட கணக்கு, யார்க் கணக்கு இவங்களுக்கு விளங்காது என்றுவிட்டார்.

அடுத்த ஞாயிறு காலை, கடைகள் திறக்க முன்னம், ரூ பஜோலில் தண்டவாளப் பக்கம் நீளமாகப் போகும் மதிலோரம் நாங்கள் இருவரும் சாறியை விரித்தோம். முந்தானைப் பக்கம் அப்பா, மற்ற முனை நான். விரித்து, சோக்கால் கோடு போட்டு, தூக்கி, மறுபடி விரித்து. "தம்பி, இழுத்துப் பிடி. சுருக்கம் விழுந்தால் அளவு கெட்டுப்போம்." ஆறாவதுக்குப் பிறகு சாறியை மூன்றாக மடித்து, இரண்டு மடிப்புக்கு அளந்து, கடைசிக் கோடு. நான் ஓடினேன். அப்பா கைத்தொலைபேசியில் நேரம் பார்த்தார். நாலு புள்ளி ஆறு மூன்று.

நாற்பது யார் என்பது முப்பத்தாறு மீற்றரும் ஐம்பத்தெட்டு சென்ரிமீற்றரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பத்து யூரோ கொடுத்தால் அளவுநாடா கிடைக்கும் என்பதும் தெரியும். ஆனால் அந்த எண்ணைப் பார்த்த பிறகும் அளவுநாடா தேடிப் போவதற்கு நான் என்ன பைத்தியமா? கணிதம் படிக்கிறவன் கணக்கைச் சரிபார்க்காமல் விடுவது விடை பிடித்துப்போன இடத்தில் மட்டும்தான்.

மழை சோக்கைக் கழுவிவிடும். ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் புதிதாக அளந்தோம். மரக்கறிக்கடைக்காரர் இரும்புக் கதவைத் தூக்கியபடி, "அண்ணை, சாறி காயப்போடுறியளோ?" என்று கேட்பார். அப்பா நின்று அவருக்கு அமெரிக்கக் கால்பந்து விளங்கப்படுத்துவார். மெல்ல மெல்ல எங்களுக்குள்ளும் பேச்சு வந்தது. முதலில் ஓட்டத்தைப் பற்றி, பிறகு பெட்டி ஏற்றும் பட்டியில் தன் தோள் நோவதைப் பற்றி. ஒரு நாள், சாறியை மடிக்கும்போது, இதைக் கட்டிக்கொண்டுதான் அம்மா என்னைப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் விட்டவ என்றார். நான் போய்விட்டால் இந்த வீட்டில் அவர் தனியே என்ன செய்வார் என்று கேட்க நினைத்தேன். போகவும் விரும்பினேன், அந்த ஞாயிறுகள் முடியாமல் இருக்கவும் விரும்பினேன்.

ஆனி வருவதற்குள் லா சப்பலில் பாதிப் பேருக்கு என் எண் தெரிந்துவிட்டது. என் குழுவில் மூசா என்று ஒருவன் இருந்தான். மாலி நாட்டுப் பெற்றோரின் பிள்ளை, நூற்று முப்பது கிலோ, நல்ல மனசு. அவனிடம் நானே சொன்னேன். அவன் பயிற்சியாளரிடம் சொன்னான். பயிற்சியாளர் அமெரிக்கர்களிடம் சொல்லிவிட்டார்.

சோதனை நாளன்று அப்பா லீவு எடுத்து, கலியாண வீட்டுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். கோவில் திருநீறு என் நெற்றியில். அவர் பையில் தண்ணீர், கடிக்க ரோல்ஸ், அந்தச் சாறி. அது ஏன் என்று கேட்டேன். சும்மா கிடக்கட்டும் என்றார்.

எங்களை வெறும் காற்சட்டையோடு வரிசையாக நிற்கவைத்தார்கள். புயத்தில் கறுப்பு மையால் நாற்பத்தொன்று என்று எழுதினார்கள். ஒருவர் என் உள்ளங்கையை விரித்து அளந்து, உதட்டைப் பிதுக்கி, எழுதிக்கொண்டார். இன்னொருவர் புயத்தைப் பிடித்துப் பார்த்தார். பெண் பார்க்கப் போகிற இடத்தில்கூட இவ்வளவு பார்க்க மாட்டார்கள். பாய்ச்சலில் நான் சுமார், தூக்கியதில் சுமாரிலும் கீழே. ஆனாலும் ஓட்டத்துக்கு என் இலக்கத்தைக் கூப்பிட்டபோது நாலைந்து அமெரிக்கர்கள் எழும்பி முடிவுக் கோட்டுக்கு வந்தார்கள். என் எண் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

ஓடினேன். உயிரைக் கொடுத்து ஓடினேன். ஏழு மாதம் பழகிய உடம்பு, வழக்கமான இடம் வந்ததும் ஓட்டத்தை அழகாக முடித்துக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தால் முன்னால் இன்னும் ஐந்து மீற்றர் கிடந்தது. பதறிப்போய் மிச்சத்தையும் ஓடினேன். பலகையில் ஐந்து புள்ளி நாலு ஒன்று. இரண்டாம் தரம் கடைசி வரை ஓடி, ஐந்து புள்ளி இரண்டு ஏழு. மூசா ஐந்து புள்ளி ஒன்று ஒன்பது ஓடியிருந்தான். (நூற்று முப்பது கிலோ என்று மேலே சொன்னேன்.) அமெரிக்கர்கள் தங்கள் இடத்துக்குத் திரும்பிப் போனார்கள்.

அப்போதுதான் அப்பா தடுப்புக் கம்பியைத் தாண்டி இறங்கி வந்தார். தொப்பி போட்டிருந்த ஒரு அமெரிக்கரிடம் போய், பாதிப் பிரெஞ்சும் பாதித் தமிழுமாக, உங்கள் நாற்பது யார் பிழை, கூட அளந்துவிட்டீர்கள், என் பிள்ளையின் நேரம் இது இல்லை என்றார். பையைத் திறந்து சாறியை வெளியே எடுத்தார். இருநூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கோட்டுப் போட்ட ஒரு தமிழர், ஓடுபாதையில், கையில் கத்தரிப்பூ நிறச் சாறி. சிலர் படம் எடுக்கத் தொடங்கினார்கள். மறுமுனையைப் பிடிக்க ஆளைத் தேடி அப்பா என்னைப் பார்த்தார்.

தொப்பிக்காரரும் என்னைப் பார்த்து, இவரை உனக்குத் தெரியுமா என்று கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

பிரெஞ்சில்தான் சொன்னேன். அப்பாவுக்கு அந்த அளவு பிரெஞ்சு தெரியும். நாலு அடி தூரத்தில்தான் நின்றார். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மற்றப் பக்கம் திரும்பி வேறு ஆளைத் தேடினார். மூசா வந்து முனையைப் பிடித்தான். அவனுக்கு ஒன்றுமே விளங்கவில்லை, ஒரு மனிதனுக்குக் கை உதவி வேண்டும் என்பது மட்டும் விளங்கியது.

ஒன்று, இரண்டு, மூன்று. சுற்றி நின்றவர்கள் சத்தமாக எண்ணத் தொடங்கினார்கள். ஆறும், மூன்றில் இரண்டு பங்கும் முடிந்த இடத்தில் அப்பா நின்றார். முடிவுக் கோடு இன்னும் தள்ளி இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விடாமல் தொடர்ந்து அளந்தார். ஏழே முக்கால் சாறி. தொப்பிக்காரர் கோபிக்கவில்லை. இரும்பு நாடாவைக் கொண்டுவரச் சொல்லி, அப்பாவின் கண் முன்னால் பாதையை அளந்து காட்டினார். நாற்பது யார், ஒரு விரல் அளவும் கூடக் குறைய இல்லை.

அப்பா மூசாவிடம் நடந்துபோய் அவன் பிடித்திருந்த முனையை வாங்கினார். ஞாயிறுகளில் அது எப்போதும் என் முனை, அவர் பார்த்ததில்லை. பெருவிரலால் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இஞ்சை வா."

போனேன். அப்போதாவது போனேன்.

"கொம்மா சட்டைத்துண்டை வெட்டிப்போட்டு, மடிச்சுக் கையாலை தைச்சிருக்கிறா."

சின்னச் சின்னத் தையல்கள். ஏழு மாதம் அவை என் விரலுக்குள்தான் இருந்தன. சாறி முழுதாக இருந்தபோதுதான் ஆறு யார். கடையில் நின்றவருக்கு முழுச் சாறிதான் தெரியும், வீட்டுக்குப் போன பிறகு அதில் இருந்து சாறிக்குப் போடும் சட்டை தைக்க ஒரு துண்டு வெட்டுவார்கள் என்பது அவருக்கு ஞாபகமே வரவில்லை. எங்கள் நாற்பது யார் உண்மையில் முப்பத்துநாலு சொச்சம்தான். அப்பா முதலில் சிரித்தார். பிறகு ஓடுபாதையிலேயே கோட்டோடு உட்கார்ந்து, சாறியை மடியில் போட்டுக்கொண்டு அழுதார். அம்மா போனதற்கு அவர் அன்றைக்குத்தான் அழுதார். நான் பக்கத்தில் நின்றேன். தோளில் கை வைக்கலாம் என்று நினைத்தேன், சற்று முன் தெரியாது என்று சொன்னவன் எந்த உரிமையில் வைப்பது என்று விட்டுவிட்டேன்.

அங்கிருந்து பொபினிக்கு, சித்தி வீட்டுக்குப் போனோம். அம்மாவின் தங்கச்சி. நான் எப்படி ஓடினேன் என்று கேட்டவ, கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. சிரித்துக்கொண்டிருந்தவ சட்டென்று நிறுத்தினா.

"அந்தச் சட்டையைத்தானே, அத்தான், அக்காவுக்குக் கடைசியாப் போட்டு விட்டனாங்கள்" என்றா. செத்த வீட்டில் அம்மாவுக்குக் கலியாணக் கூறைச் சாறிதான் உடுத்தினார்களாம். ஆனால் கூறைக்குரிய சட்டை அம்மாவின் உடம்பில் நிற்கவில்லை, அவ்வளவுக்கு இளைத்திருந்தா. கத்தரிப்பூ நிறச் சட்டையை மட்டும் ஆசுப்பத்திரிக்குப் போய்வந்த நாட்களில் அம்மாவே ஒடுக்கித் தைத்து வைத்திருந்தாவாம். ஆகவே எனக்கு ஓட்டத்தில் குறைந்த அந்தத் துண்டு அம்மாவோடு போயிருந்தது. அப்பா அதைக் கேட்டு, ஓம், சரி என்றார். தேத்தண்ணி ஆறிப்போகுது, குடி என்று என்னிடம் சொன்னார்.

அமெரிக்கா போகவில்லை. இன்று ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். அலகு மாற்றம் படிப்பிக்கிற நாட்களில் பிள்ளைகளிடம் அளவுக்கு மிஞ்சிக் கோபிக்கிறேன் என்று முறைப்பாடு இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் ஆராவது அளந்துவிட்டால் இப்போதும் ஒரே கேள்விதான். வந்துகொண்டிருக்கிறேன், பத்து நிமிசம் என்று நான் தொலைபேசியில் சொன்னால், என் மனைவி கேட்பாள், "உண்மைப் பத்தோ, சாறிப் பத்தோ?" சித்தியின் மருமகன் சம்பளம் சொன்னாலும் அதே கேள்வி. மூசா கூடத் தமிழில் "சாறி" என்று சொல்லப் பழகிவிட்டான்.

கூட்டம் சேர்ந்தால் கதையைச் சொல்வது அப்பாதான். ஓய்வு பெற்றுவிட்டார், நேரம் இருக்கிறது. கோட்டு, ரோல்ஸ், தொப்பிக்காரர், நூற்று முப்பது கிலோ, எதையும் விட மாட்டார். ஆனால் மைதானத்தில் சாறி விரிக்கிற இடம் வந்ததும் ஒவ்வொரு முறையும் ஒன்றையே சொல்வார். "மற்ற முனையைத் தம்பிதான் பிடிச்சவன்."

பல வருடம் நான் பேசாமல் இருந்தேன். போன மாசியில் என் மகளின் பிறந்தநாளுக்கு, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, என்னால் முடியவில்லை. இல்லையப்பா, நான் பிடிக்கேல்லை, மூசாதான் பிடிச்சவன் என்றேன். மேலே சொல்வதற்கும் வாயைத் திறந்தேன்.

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

"அளந்தது நான்" என்றார். "ஆர் பிடிச்சதெண்டு எனக்குத் தெரியாதோ?"

பிறகு, பேத்தியை மடியில் ஏற்றி இருத்தி, கதையை முதலாம் சாறியில் இருந்து திரும்பத் தொடங்கினார்.